அடுப்பு மூட்டுமுன் ஒரு கணக்கு

இங்கிலாந்தில் தம் இல்லத்திலேயே பீர் காய்ச்சுவோர் பலர். அதற்கென இருந்த உரிமக் கட்டுப்பாடு 1963-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையைச் சுடுநீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவுடன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்கச் செய்து, ஆறியபின் நொதிக்க விடுதல் அவர்தம் முறை. இத்தொழிலுக்கு வேண்டும் வெப்பத்தை அடுப்பு மூட்டுமுன்னரே கணக்கிடல் வேண்டும் என்பதும், அக்கணக்கில் நீரோடு ஆவியையும் சேர்த்தல் வேண்டும் என்பதும் என் துணிபு.

குடிப்பொருளைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதுவதோ என்று நண்பர் சிலர் முகஞ்சுளிக்கலாம். யான் போற்றுவது பானத்தையன்று, கணக்கையே.

கணக்கோ மிக எளிது. ஒரு லிட்டர் நீரை ஒரு பாகை சூடேற்ற ஒரு கிலோகலோரி வேண்டும். 860 கிலோகலோரி சேர்ந்தது, மின்சாரக் கட்டணத்தில் நாம் காணும் ஒரு யூனிட். 30 லிட்டர் நீர் 15 பாகையினின்று 100 பாகைக்கு ஏற வேண்டுமாயின், முப்பதை எண்பத்தைந்தாற் பெருக்க 2,550 கிலோகலோரி. அஃதாவது ஏறத்தாழ 3 யூனிட். 3 கிலோவாட் கருவிக்கு இது ஒரு மணி நேர வேலை. கலத்தின் வழியே கழியும் வெப்பத்திற்காகச் சிறிது கூட்டிக்கொள்க.

இத்துடன் கணக்கை முடிப்பவர் ஏமாறுவர். கொதிக்கும் நீரில் ஒரு கிலோகிராம் ஆவியாவதற்கு 540 கிலோகலோரி வேண்டும். திறந்த கலத்தில் 4 கிலோகிராம் ஆவியாயின் 2,160 கிலோகலோரி, அஃதாவது இரண்டரை யூனிட், வானிற் கலந்து போகும். முப்பது லிட்டரையும் கொதிநிலைக்குக் கொணர்ந்த செலவுக்கு இது பெரிதும் குறைந்ததன்று. வேண்டா மணங்கள் ஆவியோடு வெளியேற வேண்டுமாதலின் கலத்தை முற்றும் மூடலாகாது. ஆயினும், துள்ளிக் கொதிக்க விடாது தணிந்து கொதிக்கவிட்டு, ஆவியை இரண்டு கிலோகிராமாகக் குறைத்தால் ஒன்றேகால் யூனிட் மிஞ்சும். நீரை மட்டும் கணக்கிட்டவருக்கு இம்மிச்சம் கண்ணிற் படாது.

"உத்தேசக் கணக்குத்தானே? சிறிது பிழைபடாதோ?" என்பாரும் உளர். படும், படினும் கேடில்லை. ஒன்றரை யூனிட்டா, ஐந்தரை யூனிட்டா என்று அறியாது தொடங்குவதே கேடு. தமிழ் பயிலும் எமக்கு இஃது அயலான கருத்தன்று. எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையைத் தொல்காப்பியர் கண்ணிமைப்பொழுதாலும் கைந்நொடிப்பொழுதாலும் வரையறுத்தார். எவர்க்கும் எளிதிற் கிட்டும் அவ்வளவையின்மேல் ஓர் இலக்கணமே நிலைத்து நிற்கின்றது.

இனி, இக்கணக்குக்கும் மதுவடிசாலைக்கும் உள்ள உறவு பழையது. வெப்ப ஆற்றலின் அலகுக்குத் தம் பெயரை ஈந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1818-ம் ஆண்டில் சால்ஃபோர்டு நகரில், பீர் வடிக்கும் தொழிலுடைய குடும்பத்திற் பிறந்தவர். 772 ராத்தல் எடை ஓரடி வீழ்வதால் ஒரு ராத்தல் நீர் ஒரு பாரன்ஹீட் பாகை சூடேறும் என்று 1850-ம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். குடும்பத் தொழிலைப் பார்த்துக்கொண்டே வெப்பமானியை நுணுகி நோக்கியவர்.

ஆதலின், கணக்கு அறிவியல் மாணவர்க்கே உரியதென்று ஒதுக்கற்க. எவ்வடுப்பின் முன் நிற்பினும், தீயை ஏற்றுமுன் ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்தல் நலம்.