விழா முடிந்த மறுநாள்

கல்வியாண்டு முடியும் தறுவாயில் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ப் பேரவைகள், கல்லூரிகளின் இந்தியர் பண்பாட்டுக் கழகங்கள், ஆறாம் படிவ மாணவர்கள் என்று பலரும் அழைப்பார்கள். "அண்ணே, கலை விழா வைக்கிறோம். பேப்பர்ல ஒரு செய்தி போடணும்." போடுகிறோம் என்பேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். "போன வருசம் போட்ட நாடகத்தோட வசனப்பிரதி இருக்கா?" பெரும்பாலும் மறுமுனையில் அமைதிதான். ஒரு தங்கை மட்டும் உண்மையைச் சொன்னார். "அது போன கமிட்டிகிட்ட இருக்கும் அண்ணே. அவங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்க."

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் ஓர் உயர்கல்விக்கூடத்தில் பண்பாட்டுக் கழகத்தின் பொருளாளராக இருந்தவன்தான். அந்த ஆண்டு நாங்கள் திரட்டியது 18,000 ரிங்கிட். மண்டப வாடகை, ஒலி ஒளி, பதாகை, கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவில் வாடகைக்கு எடுத்த ராஜா உடைகள், பிரமுகருக்கு மாலை, பொன்னாடை என்று ஒரே இரவில் அத்தனையும் கரைந்தது. மறுநாள் காலை எங்களிடம் மிஞ்சியது ஒரு பெட்டி மினரல் வாட்டரும் பாதி கிழிந்த பின்திரையும். ஆறு வாரம் உட்கார்ந்து நாங்களே எழுதிய நாடகம் ஒன்று இருந்தது. அதை எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்த வாரம் நான் எழுத வந்தது எங்களைப் பற்றி அல்ல, இதற்கு நேர்மாறாக ஒரு கலை அமைப்பை நடத்திய ஒரு கத்தோலிக்கக் குருவைப் பற்றி.

அவர் பெயர் எனக்குத் தெரியவந்தது பிரிக்பீல்ட்ஸில். ரயில்வேயில் எழுத்தராக வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் வீட்டுக்கு வேறொரு வேலையாகப் போயிருந்தேன். யாழ்ப்பாண வம்சாவளி. பிரிக்பீல்ட்ஸுக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்து ரயில்வேக்கு ஆங்கிலம் படித்த எழுத்தர்கள் தேவைப்பட்டபோது யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் இந்த வட்டாரத்தில்தான் குடியேறினார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. அந்தப் பெரியவரின் புத்தக அலமாரியில் 'கலைமுகம்' என்ற இதழின் பழைய பிரதிகள் ஒரு கட்டாக இருந்தன. 1990களில் யாழ்ப்பாணத்தில் அச்சானவை. போர்க்காலத்தில் கலைக்கென்று ஓர் இதழா என்று கேட்டேன்.

"எங்கட சுவாமி ஒருத்தர் நடத்தினவர் தம்பி. சண்டைக்குள்ளயும் நாடகம் போட்ட மனுசன்."

யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருவைச் சுவாமி என்றுதான் அழைப்பார்கள். பெரியவர் சொன்னது நீ. மரியசேவியர் அடிகளை. இளவாலையில் பிறந்தவர். 1965இல் அவர் யாழ்ப்பாணத்தில் நிறுவிய அமைப்பு திருமறைக் கலாமன்றம். 2015இல் அதற்குப் பொன்விழா வந்தபோதும் அவர் இருந்தார். 2021 ஏப்ரல் முதல் நாள் காலமானார்.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு என்றதும் நம் நாட்டுத் தமிழ் மாணவர்களுக்கு நினைவுக்கு வரவேண்டிய பெயர் இன்னொன்று உண்டு: தனிநாயகம் அடிகள். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்ததற்கு முதற்காரணம் அவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து லெம்பா பந்தாய் கூப்பிடு தூரம். ஒருவர் அங்கே ஆய்வறிஞர்களை ஒன்றுகூட்டிய அதே சமயத்தில், இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் தச்சரையும் ஆசிரியரையும் மாணவரையும் கூட்டி மேடை போட்டுக்கொண்டிருந்தார். முன்னவரை நாம் பாடநூலில் படிக்கிறோம். பின்னவரை இங்கே யாருக்கும் தெரியவில்லை.

கலாமன்றத்துக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தவை திருப்பாடுகளின் நாடகங்கள். தவக்காலத்தில் இயேசுவின் கடைசி நாள்களைப் பெரிய திறந்தவெளி மேடைகளில் நடித்துக் காட்டுவார்கள். ஒரே கதை. எல்லாருக்கும் முடிவு தெரியும். கோயில் திருவிழாவில் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கதை தெரிந்த பிறகுதான் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்குகிறோம். மீண்டும் மீண்டும் போடப்படும் நாடகத்தில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு தடவை வேடம் கட்டியவர் அடுத்த தடவை இளையவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். விளக்குப் பிடித்த பையன் அடுத்த தடவை விளக்குக்கே பொறுப்பாளன் ஆகிறான். ஒரே ஓர் இரவுக்காகக் கட்டப்படும் நம் விழாக்களில் இந்தக் கைமாற்றத்துக்கு இடமே இல்லை.

ஆனால் நாடகம் போட்டதற்காக மட்டும் நான் அவரைப் பற்றி எழுதவில்லை. நாடகம் போட்டவர்கள் ஏராளம். கலாமன்றம் மேடைக்குப் பின்னால் என்னென்ன வைத்திருந்தது என்று பாருங்கள். நடிப்பும் அரங்கும் கற்பிக்க ஒரு நாடகப் பயிலகம். கலை இலக்கியத்துக்குக் 'கலைமுகம்'. அரங்கியலுக்கென்றே 'ஆற்றுகை' என்று தனி இதழ். ஓவியங்களுக்குக் 'கலைத்தூது கலாமுற்றம்' என்ற காட்சிக்கூடம். கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்ட நாட்டுக்கூத்துகளை மேடைக்கும் அச்சுக்கும் கொண்டுவரும் வேலை. இவற்றில் எதற்கும் பிரமுகர் வரமாட்டார், மாலை விழாது. ஆனாலும் மாதத்தில் எந்த நாள் போனாலும் ஏதோ ஓர் அறையில் யாரோ ஒருவர் ஒத்திகையிலோ பிழைதிருத்துவதிலோ இருப்பார் என்றால், அதைத்தான் நான் கலை அமைப்பு என்பேன். ஆண்டுக்கு ஓர் இரவு மட்டும் உயிர்பெறுவதற்கு விழாக்குழு என்பதே போதுமான பெயர்.

'கலைமுகம்' தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள். 1990. அந்த ஆண்டு ஜூனில் போர் மறுபடியும் மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது, பல ஆண்டுகளுக்கு வரவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வானொலி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் மின்சாரம் எடுக்க வேண்டும். அந்த ஊரில், அந்த நேரத்தில், கலைக்கு ஓர் இதழ். அரிசி இல்லாத ஊரில் கவிதைக்கும் ஓவியத்துக்கும் தாளைச் செலவழிப்பதா என்று யாராவது கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வியே. நானாக இருந்தால் நிலைமை சீராகட்டும் என்று தள்ளிப்போட்டிருப்பேன். தள்ளிப்போட்டிருந்தால் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். போர் முடிந்தது 2009இல். 1990இல் படிவம் ஒன்றில் இருந்த பிள்ளைக்கு அப்போது வயது முப்பதைத் தாண்டியிருக்கும்.

நடுவில் 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே ஓரிரு நாள்களில் காலியானது. இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நடந்தே வெளியேறினார்கள். பிறகு திரும்பி வந்தார்கள். கலாமன்றமும் திரும்ப எழுந்தது. கட்டடத்தை மட்டும் நம்பியிருந்த அமைப்பு அப்படி எழுந்திருக்காது. வேலை தெரிந்த ஆள்கள் இருந்ததால் எழுந்தது என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அடிகளின் படைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்த எண்ணம் 'அசோகா'. கலிங்கப் போருக்குப் பின் மனம் மாறிய பேரரசனின் கதை. அதில் வசனமே கிடையாது. உடலசைவும் இசையும் மட்டும். ஐரோப்பாவுக்கும் கொண்டுபோய் ஆடினார்கள். வசனத்தை எடுத்துவிட்டால் தமிழர் பார்க்கலாம், சிங்களவர் பார்க்கலாம், இரு மொழியும் தெரியாதவரும் பார்க்கலாம். இரு தரப்பும் போரில் நிற்கும் நாட்டில், போரை வெறுத்த அரசனின் கதையை வாய்திறக்காமல் சொல்வது எவ்வளவு சாதுரியமான தேர்வு! தென்னிலங்கையிலும் கலாமன்றத்துக்குக் கிளைகள் உண்டு. சிங்கள இளைஞர்களும் அதில் இணைந்து பணியாற்றினார்கள். நம் பல்கலைக்கழகங்களில் மலாய், சீன நண்பர்களைக் கலை விழாவுக்கு அழைத்து மூன்று மணி நேரம் புரியாத வசனத்தில் உட்கார வைக்கிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இந்த நாடகம் நினைவுக்கு வரும்.

இனி ஒரு கூச்சமான விஷயம். பெயரிலேயே 'திருமறை' இருக்கிறதே, இது மதம் பரப்பும் வேலை இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேயும் இதே கூச்சம் இரண்டு பக்கமும் இருக்கிறது. கிள்ளானில் ஒரு கத்தோலிக்க மாணவி என்னிடம் சொன்னார். பரதம் கற்க அவருக்கு ஆசை. "அது கோயில் ஆட்டம்" என்று வீட்டில் தயங்குகிறார்களாம். அவருடைய இந்துத் தோழிக்குத் தேவாலயப் பாடகர் குழுவின் இசை பிடிக்கும். அவர் வீட்டிலும் அதே தயக்கம். திருச்சிராப்பள்ளியில் 1977இல் எஸ். எம். ஜார்ஜ் அடிகள் தொடங்கிய கலைக் காவிரி இந்தத் தயக்கத்துக்கு நேரடியாகவே விடை சொன்னது. மறைமாவட்டத்தின் ஆதரவில் வளர்ந்த அந்த நிறுவனம் இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைக் கல்லூரி. பரதமும் இசையும் அங்கே பட்டப்படிப்பு. விவிலியக் கதைகளைப் பரதத்தில் ஆடியவர்கள் அவர்கள். நம் பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸை 1981இல் தொடங்கியவர் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி. காவி உடுத்தியவர் ஒருவர், வெள்ளை அங்கி உடுத்தியவர் ஒருவர். இருவரும் செய்த வேலை ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு ஓர் ஆடுதளத்தைத் திறந்து வைத்தார்கள். சுவாமி 2005இல் மறைந்த பிறகும் அந்தத் தளத்தில் சலங்கை ஒலி நிற்கவில்லை.

மதம் சார்ந்த அமைப்புக்குச் சில எல்லைகள் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். எந்தக் கதையை மேடை ஏற்றுவது, எதைத் தவிர்ப்பது என்பதில் அதன் நம்பிக்கைக்குப் பங்கு இருக்கும். ஒருவரே அரை நூற்றாண்டு ஓர் அமைப்பின் முகமாக இருப்பதும் எனக்கு முழுக்க உவப்பானதல்ல. அவருக்குப் பிடிக்காத பாணியில் நாடகம் எழுதிய இளைஞன் ஒருவன் எங்கே போயிருப்பான் என்று நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் நம் நோய் வேறு. நமக்கு ஒவ்வோர் ஆண்டும் புதுத் தலைவர், புதுச் செயலாளர், புதுச் சின்னம், புது டி-சட்டை. ஐம்பது ஆண்டுத் தலைமையின் ஆபத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலைக்கு நாம் இன்னும் வரவே இல்லை.

சிங்கப்பூரில் இன்னொரு கதை. லா சால் சபைச் சகோதரர் ஜோசப் மெக்னாலி, ஒரு சிற்பி. கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் பள்ளி நடத்திய அதே சபை. 1984இல் அவர் செயின்ட் பேட்ரிக்ஸ் கலை மையம் என்று தொடங்கியதுதான் இன்றைய லாசால் கலைக் கல்லூரி. அவர் 2002இல் மறைந்தார். கல்லூரி இருக்கிறது.

ஓராண்டுப் பதவியில் இருக்கும் மாணவரால் கல்லூரி கட்ட முடியாது. 18,000 ரிங்கிட்டில் 500ஐ ஒதுக்க முடியும். அதில் பூட்டு உள்ள ஓர் அலமாரி வாங்கலாம், மீதியில் அந்த ஆண்டு எழுதிய நாடகத்தையும் பாடலையும் அச்சிட்டு நூறு பிரதி போடலாம். யாரிடம் எந்த உடையை வாங்கினோம், எந்தக் காட்சி சொதப்பியது, ஏன் சொதப்பியது என்று இரண்டு பக்கம் எழுதி அதில் வைக்கலாம். பிரமுகருக்கு ஒரு பொன்னாடை குறைந்தால் அவர் கோபிக்கமாட்டார். விழா முடிந்த அடுத்த வாரமும் அதே கிழமை, அதே நேரம், அதே அறையில் ஐந்து பேராவது கூடலாம். முதலாமாண்டு மாணவர்கள் அந்த ஐந்து பேரில் இருக்கட்டும்.

இதை எழுதத் தொடங்கியபோது எனக்கும் வெட்கம் வந்து, பழைய நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த நாடகத்தைப் பற்றிக் கேட்டேன். கிள்ளானில் ஆசிரியையாக இருக்கும் தோழி ஒருவரிடம் அவருடைய பாத்திரத்துக்கான வசனங்கள் மட்டும் ஒரு பள்ளி நோட்டில் கையெழுத்தில் இருக்கின்றன. இன்னொருவருக்கு இரண்டாம் காட்சி மனப்பாடம். தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து முடித்துவிட்டோம். கடைசிக் காட்சிதான் யாருக்கும் நினைவில் இல்லை.