குற்றம் அட்டையிலா, கயிற்றிலா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம் எல்லாருக்கும் ஒரு பழக்கம் தொற்றிக் கொள்கிறது. எது ஓடாவிட்டாலும், "வைரஸாக இருக்கும், பார்மட் அடித்து விடு" என்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் சொல்கிறான், கடைக்காரர் சொல்கிறார், ஆறு மாதத்தில் நாமே அடுத்தவருக்குச் சொல்லத் தொடங்கி விடுகிறோம். இந்தப் பழக்கத்தை நான் எதிர்க்கிறேன். அதற்காக நான் கொடுத்த விலை சிறியதல்ல.

உத்திரமேரூர் பக்கத்தில் 14 ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்கிறேன். கல்யாண ரவிக்கைக்கு எம்பிராய்டரி கேட்டு வருகிறவர்களை எல்லாம் காஞ்சிபுரத்திற்கு அனுப்பி அலுத்துப் போய், வங்கிக் கடனில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் ஒன்று வாங்கினேன். டிசைன் பைல்களை வைத்துக் கொள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரும் வந்தது. மவுஸ் பிடிக்கக் கற்றதே அப்போதுதான்.

இந்த மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். டிசைன் பைலைப் பென் டிரைவில் ஏற்றி மெஷினில் செருக வேண்டும். மெஷினின் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும். துணி மாட்டிய பிரேம்தான் நாலு பக்கமும் நகர்ந்து கொடுக்கும். எவ்வளவு நகர வேண்டும் என்று சொல்வது பைல். நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று, எத்தனையாவது தையலில் நின்றது என்ற எண்ணையும் பேனலில் காட்டும். அந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

ஒரு முகூர்த்தத்திற்கு ஆறு நாள் முன்பு மயில் டிசைன் ஆர்டர் வந்தது. என்னிடம் இருந்த மயில் முதுகுக்கான அளவு. அவர்கள் கேட்டதோ கையில். பேனலில் 30 சதவீதம் குறைத்தேன்; திரையில் அழகாகத்தான் இருந்தது. பழைய துணியில் ஓட்டிப் பார்க்காமல் நேரே பட்டில் ஏற்றினேன். இது என் தவறு, வேறு யாருடையதும் அல்ல.

மயிலின் அலகு வந்ததும் ஜரி நூல் அறுந்தது. கோர்த்து விட்டேன், மறுபடி அறுந்தது. மூன்றாம் முறை நூலோடு துணியும் கிழிந்தது. சேலையோடு சேர்ந்து வரும் ரவிக்கைத் துணி என்றால் என்ன என்று பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே நிறம், அதே கரை வேறு எங்கும் கிடைக்காது.

மெஷின் விற்றவருக்குப் போன் செய்தேன். டென்ஷனைக் குறையுங்கள் என்றார். ஊசி மாற்றினேன், நூல் கண்டு மாற்றினேன், மேல் டென்ஷனையும் பாபின் டென்ஷனையும் திருகினேன், எல்லாவற்றையும் ஒரே மாலையில். பைலில் வைரஸ் இருக்கும் என்றான் அண்ணன் மகன். அன்று இரவே கம்ப்யூட்டரைப் பார்மட் செய்தோம். காசு கொடுத்து வாங்கிய டிசைன்கள் எல்லாம் போயின. பென் டிரைவில் இருந்த மயில் மட்டும் மிச்சம். காலையில் பழைய வேட்டித் துணியில் அதை ஓட்டினேன். அலகு வந்தது, நூல் அறுந்தது.

பிள்ளையார்பாளையத்தில் பல ஆண்டுகள் தறி போட்ட பெரியப்பா அன்று வீட்டுக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லாதவர். கொஞ்ச நேரம் பார்த்து விட்டு, "ஏம்மா, அறுவுறது ஒரே எடத்துலயா, கண்ட எடத்துலயா?" என்று கேட்டார்.

அவர் தறியின் மேல் ஜக்கார்டு பெட்டி இருந்தது. ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப, எந்தப் பாவு இழை தூக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகள் சொல்லும். அதில் பிழை வந்தால் நெசவாளி பார்ப்பது இதைத்தான். ஒவ்வொரு பூவிலும் அதே வரிசையில் தப்பு வந்தால் அட்டையில் ஓட்டை தவறு. சேலையின் நீளத்திற்கும் கோடு இழுத்தது போல வந்தால் மேலே கயிறோ கொக்கியோ போயிருக்கிறது. முதலாவது எழுதி வைத்ததில் உள்ள பிழை. இரண்டாவது கருவியில் உள்ள பிழை. அட்டை சரியாக இருக்கும்போது அதைக் கிழித்துப் போட்டு என்ன பயன்?

இந்த ஜக்கார்டு 1804ல் பிரான்சில் வந்தது. அதன் அட்டையைத்தான் பின்னர் சார்லஸ் பாபேஜ் தன் கணிப்பொறித் திட்டத்திற்கு எடுத்துக் கொண்டார். 1890ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹோலரித் எண்ணியதும் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத்தான். ஆக, பெரியப்பாவின் கேள்வி கம்ப்யூட்டருக்கு அன்னியமானது அல்ல. கம்ப்யூட்டரை விட மூத்தது.

இப்போது பேனல் எண்ணைப் பார்த்தேன். அதே பைலை மூன்று முறை ஓட்டி எண்களை நோட்டில் குறித்தேன். மூன்றும் ஏறக்குறைய ஒரே எண். அளவு குறைக்காத வேறொரு பூவை ஓட்டினேன். ஒரு முறை கூட அறவில்லை. மெஷினில் குற்றமில்லை, பைலில் இருக்கிறது.

காரணம் பிறகு புரிந்தது. எம்பிராய்டரி மெஷின்களில் பெரும்பாலும் ஓடுவது டி.எஸ்.டி. வகை பைல். அதில் மயில் என்ற படம் கிடையாது. இத்தனை மில்லிமீட்டர் இப்படி நகர், குத்து, அப்படி நகர், குத்து என்ற கட்டளைகள் மட்டும்தான். நூலின் நிறம் கூட அதில் இல்லை. நிறம் மாற்ற நில் என்ற குறிப்பு மட்டும் உண்டு. நான் 30 சதவீதம் குறைத்தபோது தையல்களின் எண்ணிக்கை குறையவில்லை. நீளம் 0.7, அகலம் 0.7, பரப்பளவு பாதிக்கும் கீழே. பழைய தையல் அத்தனையும் பாதி இடத்தில் குத்தப்பட்டால் அலகு போன்ற சின்ன இடத்தில் ஜரியும் தாங்காது, பட்டும் தாங்காது. அளவை மாற்ற வேண்டுமானால் டிசைன் வரைந்த சாப்ட்வேரில் மூல பைலைத் திறந்து மாற்றிட வேண்டும். அங்கே தையல்கள் புதிதாகக் கணக்கிடப்படும். டிசைனரிடம் கையளவுக்கு வேறு பைல் வாங்கினேன். ஜரிக்குப் பெரிய கண் உள்ள 90/14 ஊசி, வேகம் குறைவு. அறவே இல்லை.

வீட்டு பிரிண்டருக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். எழுத்து சரியாக வரவில்லையா? பிரிண்டரின் டெஸ்ட் பேஜை எடுங்கள். அது சுத்தமாக வந்தால் பிரிண்டரை விட்டு விட்டு உங்கள் பைலைப் பாருங்கள். டெஸ்ட் பேஜிலும் கறை என்றால் விண்டோஸை மறுபடி நிறுவி ஒரு பயனும் இல்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். ஒரே மாலையில் ஐந்தை மாற்றிய நான், பிறகு பாபின் டென்ஷனைப் பழைய நிலைக்குக் கொண்டு வர இரண்டு நாள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது.

விற்பவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. லட்சக்கணக்கில் மெஷின் விற்கிறவர்கள் தமிழில் நாலு பக்கம் அச்சடித்துத் தரக் கூடாதா? எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில், சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது, ஓலையைக் குடத்தில் இட்டு எப்படி எடுப்பது என்று முதலாம் பராந்தகன் காலத்தில் விவரமாகத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1,100 ஆண்டுகள் ஆகின்றன. இன்று எனக்குக் கிடைத்த மேனுவல் புரியாத ஆங்கிலத்தில். பேனலில் சில வரி சீனத்தில்.

அந்த ரவிக்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாடிக்கையாளர் வீட்டுக்கு நானே போய் உண்மையைச் சொன்னேன். கிழிசல் கை விளிம்பை ஒட்டி இருந்ததால் இரண்டு கையையும் இரண்டு அங்குலம் குறைத்து, புது மயிலை மேலே ஏற்றிப் போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. பெண்ணின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது மகளின் கல்யாணத்திற்கும் என்னிடம்தான் துணி கொண்டு வந்தார். வாங்கியதும் ஒரு நோட்டை எடுத்து, "முதலில் பழைய துணியில் ஓட்டுவேன், பாருங்கள்" என்று அவர் முன்னாலேயே எழுதிக் கொண்டேன்.