பைக் விற்றால் பேர் மாத்தணும், துப்பாக்கி விற்றால்?

ஃபைனல் இயர் முடியும் மாதம் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குட்டிச் சந்தையே நடக்கும். மெத்தை, டேபிள் ஃபேன், டிராஃப்டர், செகண்ட் ஹேண்ட் பைக். இதில் பைக் விற்கிறவனுக்கு மட்டும் எல்லாரும் ஒரே அட்வைஸ்தான் சொல்வார்கள்: "பேர் மாத்தாம சாவியைக் குடுத்துடாத மச்சி." படிவம் 29, படிவம் 30 என்று ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைவது எரிச்சல்தான். ஆனால் மாற்றாமல் விட்டால், வாங்கியவன் ஹெல்மெட் போடாமல் போனதற்கு நமக்கு சலான் வரும். அவன் யார் மேலாவது மோதினால் இழப்பீட்டு வழக்கு நம் வீட்டுக்கு வரும். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஒரு துப்பாக்கியைக் கைமாற்ற இந்த அளவு பேப்பர்கூட வேண்டாம். சும்மா கிண்டலுக்குச் சொல்லவில்லை, சட்டமே அப்படித்தான். "அது அவங்க ஊர் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் கிளாஸில் எத்தனை பேர் ஜி.ஆர்.இ. படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். டெக்சாஸுக்கும் அரிசோனாவுக்கும் எம்.எஸ். பண்ணப் போகப்போவது நாமதான்.

1968-ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, துப்பாக்கி விற்பதைத் தொழிலாகச் செய்பவருக்குத்தான் அங்கே மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும். அந்த டீலரிடம் வாங்கப் போனால் படிவம் 4473 நிரப்பணும். 1993-ல் வந்த பிரேடி சட்டப்படி அவர் உங்கள் பின்னணியைச் சரிபார்க்கணும். இதற்காக 1998 நவம்பரிலிருந்து எஃப்.பி.ஐ. ஒரு கணினி அமைப்பை நடத்துகிறது. பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும்.

ஆனால் தன் சொந்தத் துப்பாக்கியை எப்போதாவது விற்கும் தனி ஆள் "தொழில்" செய்யவில்லை. அதனால் அவருக்கு லைசென்ஸ் வேண்டாம், படிவம் வேண்டாம், சோதனையும் வேண்டாம். மத்தியச் சட்டம் அவருக்குப் போடும் முக்கியமான நிபந்தனைகள் சில மட்டும்தான். வாங்குபவர் அதே மாநிலத்துக்காரராக இருக்கணும், வெளி மாநிலம் என்றால் டீலர் வழியாகத்தான் போகணும். கைத்துப்பாக்கியை 18 வயது ஆகாதவருக்குத் தரக் கூடாது. துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நம்ப நியாயமான காரணம் இருந்தோ விற்கக் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையில்தான் எனக்குப் பிரச்சினை. தனி ஆள் அந்த எஃப்.பி.ஐ. அமைப்பை நேரடியாகக் கேட்க முடியாது. ஒரு டீலரைப் பிடித்து, அவருக்குக் கட்டணம் கொடுத்து, அவர் மூலமாகக் கேட்கலாம். மாநிலச் சட்டம் சொல்லாதவரை அதுவும் கட்டாயம் இல்லை. ஆக, "உனக்குத் தெரியுமா?" என்று சட்டம் கேட்கிறது, தெரிந்துகொள்ளும் வழியை மட்டும் கையில் தரவில்லை. நாலு கேள்வி கேட்டு விவரம் தெரிந்துகொண்டவன் மாட்டுவான். எதுவுமே கேட்காமல் காசை வாங்கிப் பையில் போட்டவன் "எனக்குத் தெரியாதுங்க" என்று போய்விடலாம். இன்புட் வேலிடேஷன் எங்கள் ஆப்பில் ஆப்ஷனல் என்று ப்ராஜெக்ட் ரிவ்யூவில் சொல்லிப் பாருங்கள், பேனல் என்ன கேட்கும் என்று தெரியும்.

2019 ஆகஸ்ட் 31 அன்று டெக்சாஸின் மிட்லண்ட், ஒடெசா நகரங்களில் ஒருவன் காரில் போய்க்கொண்டே சுட்டதில் 7 பேர் இறந்தார்கள். அவன் 2014-லேயே டீலரிடம் துப்பாக்கி வாங்கப் போய், பின்னணிச் சோதனையில் நிராகரிக்கப்பட்டவன். அதாவது சிஸ்டம் சரியாக வேலை செய்திருக்கிறது. பிறகு அவன் ஒரு தனி ஆளிடம் ஏ.ஆர்.-15 ரகத் துப்பாக்கியை வாங்கினான். அங்கே சிஸ்டமே இல்லை. விற்றவருக்கு 2021-ல் 2 ஆண்டு சிறை கிடைத்தது. எதற்காக என்று பாருங்கள்: லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வியாபாரம் செய்ததற்கு, வரிக் கணக்கில் பொய் காட்டியதற்கு. தடை உள்ளவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்தது அந்தத் தண்டனைக்குக் காரணமான குற்றங்களில் இல்லை.

இப்போது டீலர் பக்கம் வாருங்கள், அங்கே அதே சட்டம் எவ்வளவு கறார்! அப்ரம்ஸ்கி என்கிற முன்னாள் போலீஸ்காரர், போலீஸுக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காகத் தன் மாமாவுக்கு ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். மாமா 400 டாலர் செக் அனுப்பியிருந்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்திருக்க எந்தத் தடையும் இல்லை. அவர் மாநில டீலர் வழியாக, சோதனை முடித்துத்தான் அது அவர் கைக்கே போனது. ஆனாலும் "உண்மையில் வாங்குபவர் நான்தான்" என்று படிவத்தில் டிக் அடித்தது பொய் என்று குற்றவாளி ஆனார். 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை உறுதிசெய்தது. ஒழுங்காக டீலரிடம் போன மாமனும் மருமகனும் கோர்ட் வாசலில், பார்க்கிங் லாட்டில் கைமாற்றுகிறவர்களிடம் ஒரு கேள்வியும் இல்லை. முன்னதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. பின்னதற்கு எந்தக் கதவும் இல்லாதபோது முன்னதற்கு இவ்வளவு பெரிய பூட்டு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு வழக்கமாக வரும் பதில், "குற்றவாளி எங்கே சட்டத்தை மதிக்கப் போறான்?" ஒடெசாக்காரன் முதலில் டீலரிடம்தான் போனான் என்பதே இதற்குப் போதுமான பதில். இரண்டாவது பயம் கொஞ்சம் நியாயமானது: சோதனை எல்லாருக்கும் கட்டாயமானால், யாரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்ற பட்டியல் அரசிடம் சேர்ந்துவிடும். அரசின் கையில் டேட்டா சேருவதைப் பற்றி நாமும் கவலைப்படுகிறோமே. ஆனால் மத்திய அரசு அப்படி ஒரு பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. சோதனையில் தேறியவரின் அடையாள விவரங்களை எஃப்.பி.ஐ. 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடணும்.

தாத்தா பேரனுக்குக் கொடுக்கிற வேட்டைத் துப்பாக்கிக்கும் சோதனையா என்பது மூன்றாவது கேள்வி. 2013-ல் செனட்டர்கள் மேன்சினும் டூமியும் கொண்டுவந்த திருத்தம் குடும்பத்துக்குள் கைமாறுவதை விட்டுவிட்டு, கண்காட்சியிலும் ஆன்லைன் விளம்பரம் மூலமும் நடக்கும் விற்பனையை மட்டும்தான் கேட்டது. 54 பேர் ஆதரவு, 46 பேர் எதிர்ப்பு. 60 வேண்டியிருந்ததால் தோற்றது. 2022-ல் வந்த சட்டம் "தொழில்" என்ற சொல்லின் அர்த்தத்தைக் கொஞ்சம் விரித்தது, எப்போதாவது விற்கும் தனி ஆளைத் தொடவில்லை. கலிஃபோர்னியா, கொலராடோ, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் மட்டும் தனி விற்பனையும் டீலர் வழியாகத்தான் என்று தாங்களே விதித்துக்கொண்டன. அங்கே துப்பாக்கி வியாபாரம் ஒன்றும் நின்றுவிடவில்லை.

நம் ஊர்ச் சட்டம் வேறு துருவம். 1959 ஆயுதச் சட்டம் பிரிவு 5-ன்படி, லைசென்ஸோடு சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவர் அதைத் தகுதியுள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் யாருக்கு விற்கப் போகிறேன் என்று பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, குறைந்தது 45 நாள் காத்திருக்கணும். வாங்குபவருக்கும் லைசென்ஸ் இருக்கணும். சரிபார்க்கும் வேலை அரசின் தலையில், விற்பவர் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அதற்காக நம் ஊர் ஒழுங்கு என்று காலரைத் தூக்கிவிட முடியாது. மலைக் கிராமங்களில் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அறிவிப்பது அடிக்கடி செய்தியில் வருகிறது. அமெரிக்கா 45 நாள் காத்திருக்கணும் என்றும் நான் சொல்லவில்லை. சில நிமிட சோதனை கையில் இருக்கும்போது அதைப் பாதி விற்பனையாளர்களுக்கு மூடி வைப்பதுதான் அபத்தம்.

சரி, எம்.எஸ். போகிறவர்களுக்கு வருவோம். எஃப்-1, எச்-1பி போன்ற வீசாக்களில் உள்ளே வந்தவர்கள் அங்கே துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே சட்டப்படி தடை உண்டு. செல்லுபடியாகும் மாநில வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்தான். ஊரைக் காலி பண்ணும் ரூம்மேட் "சீப்பா தர்றேன், எடுத்துக்கோ" என்று நீட்டுவதை வாங்கினால், உங்கள் வீசா என்ன என்று தெரிந்தே கொடுத்த அவரும் குற்றவாளி, வாங்கிய நீங்களும் குற்றவாளி. 2022-க்குப் பிறகு இதற்கு 15 ஆண்டு வரை சிறை, அதன் பின்னால் நாடு கடத்தலும் வரலாம். தனி ஆள் உங்களிடம் எந்தப் பேப்பரும் கேட்க மாட்டார் என்பதால் அது சட்டப்படி சரி என்று ஆகிவிடாது.

வாங்கக்கூட வேண்டாம், கையில் எடுத்தாலே போதும். ரெஹைஃப் வழக்கு தெரியுமா? வெளிநாட்டிலிருந்து மாணவர் வீசாவில் ஃப்ளோரிடாவில் படிக்க வந்தவர். மார்க் இல்லாமல் கல்லூரி நீக்கியது, தங்கும் உரிமையும் போனது. அதன் பிறகு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டிருக்கிறார், அவ்வளவுதான். 18 மாதச் சிறைத் தண்டனை. தன் அந்தஸ்து போனது அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று சொல்லி 2019-ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. ஆனால் அது வரைக்குமான வருடங்களை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. லேபில் கூடப் படிக்கிற அமெரிக்க நண்பர் வீக்எண்ட் ரேஞ்சுக்குக் கூப்பிடுவார், இன்ஸ்டா போட்டோவுக்கு ஆசையாகத்தான் இருக்கும். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் யுனிவர்சிட்டியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.