பத்துப் பேர் இல்லாத பட்டறை

பேறுகால நலச் சட்டம் இந்தியாவில் முதலில் பிறந்தது பம்பாய் மாகாணத்தில், 1929இல். அதற்கு முந்தைய ஆண்டு மாகாண சட்டமன்றத்தில் மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பிரசவத்திற்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலன் என்றார். அச்சுமையில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

அதே நகரின் தாராவியில், முதன்முறை கருவுறும் தையல் தொழிலாளியின் நிலை என்ன? 2017இன் திருத்தம் தந்த 26 வார ஊதிய விடுப்பு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது. பத்துப் பேராவது பணிபுரிய வேண்டும் என்ற வரம்பும் கூடவே தொடர்கிறது. தாராவியின் மாடிப் பட்டறைகள் பலவற்றில் அத்தனை பேர் இல்லை. இருந்தாலும் பதிவேட்டில் இல்லை. மசக்கையில் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போகும். சயான் மருத்துவமனையில் பரிசோதனைக்கு வரிசையில் நின்றாலும் போகும். ஆகவே, வயிறு தெரியும்வரை மறைத்தே இயந்திரத்தை மிதிக்கிறாள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டு வேலைக்குச் செல்பவருக்கோ இந்த விடுப்பு எட்டாத ஒன்று.

ஒன்றிய அரசு காட்டுவது பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம்: முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், அதுவும் தவணைகளில். 6,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்கிறது 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம்!

இ.எஸ்.ஐ.க்கு வெளியே விடுப்பூதியம் முழுவதும் முதலாளியின் பொறுப்பு. புதிதாக மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்குவோருக்கு இது வசதியான சாக்கு. அரசு நிதியளித்தால் அந்தச் சாக்கு இராது. ஆள் எண்ணிக்கை பாராமல், உழைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஊதியத்துடன் பேறுகால விடுப்பு என்ற கோரிக்கையைத் தாராவித் தோழர்கள் பட்டறை பட்டறையாகக் கொண்டுசெல்ல வேண்டும்.