தூசிப்பையைத் துவைக்காதீர்கள்

வாக்குவம் கிளீனரின் தூசிப்பை ஒரு சல்லடை என்றே பலரும் நம்புகிறார்கள். துளையைவிடப் பெரிய தூசி உள்ளே தங்கும், சிறியது வெளியே போகும். பை நிரம்பினால் கொட்டிவிட்டு, அலசிக் காயவைத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். கிழியாதவரை அது நல்ல பைதான். இந்த நம்பிக்கை அடியோடு தவறு. அதற்கு விலை கொடுப்பது நம் நுரையீரல்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் செயற்கை நார்ப் பை ஒன்றைக் கத்தரித்துப் பாருங்கள். நெய்த துணி இருக்காது. குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் மெல்லிய நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். நார்களுக்கு இடையே உள்ள வழிகள், அவற்றில் பிடிபடும் நுண்துகள்களைவிட அகலமானவை. பிறகு எப்படிப் பிடிக்கிறது? காற்று நாரைச் சுற்றி வளைந்து போகிறது. கனமான துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது. நாரில் மோதி ஒட்டிக்கொள்கிறது. அதைவிடச் சிறியது வளைந்து போனாலும் நாரை உரசிச் சிக்குகிறது. மிகச் சிறியதோ, காற்றின் மூலக்கூறுகள் இடிக்க இடிக்கத் தள்ளாடி, ஏதாவது ஒரு நாரில் போய் முட்டுகிறது.

ஆகவே, சிறுக்கச் சிறுக்கத் துகள் தப்பும் என்பதும் பொய். அதிகம் தப்புவது 0.3 மைக்ரானை ஒட்டிய துகள்தான். மோதுவதற்குக் கனம் போதாது. தள்ளாடுவதற்குக் கனம் அதிகம். நுண்துகளைப் பிடிப்பதற்கென்றே செய்யப்படும் ஹெப்பா ஃபில்டர் அந்த அளவில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதித்திருப்பது அதனால்தான்.

இத்தகைய பைகள் பலவற்றின் நார்களில் நிலைமின்னேற்றமும் உண்டு; தூசியை இழுத்துப் பிடிப்பதில் பெரும்பங்கு அதற்கே. சோப்புத் தண்ணீரில் முக்கினால் அந்த மின்னேற்றம் குன்றிவிடும். கிழிசல் எதுவும் இருக்காது, பை பார்வைக்குப் புதிதாகவே தெரியும், பிடிக்கும் திறன் மட்டும் குறைந்திருக்கும்.

“அந்தக் காலத்தில் துணிப்பையில் ஓட்டவில்லையா?” என்பார்கள். ஓட்டினார்கள். 1907இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஒரு கடையில் துப்புரவு வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர், தலையணை உறையைக் கட்டித்தான் தன் இயந்திரத்தை உருவாக்கினார். ஆஸ்துமாவால் அவதிப்பட்ட அவருக்குத் துடைப்பத்தைவிட அது மேல். ஆனால் நெய்த துணி, தன்மேல் தூசிப் படலம் படிந்த பிறகே நுண்தூசியை ஓரளவு தடுக்கும். உதறியதும் அந்தப் படலமும் போய்விடும். சாய்ந்த வெயில் விழும் அறையில் அப்படிப்பட்ட இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள்: பின்பக்கக் காற்றில் தூசி மினுங்கி எழும். கண்ணுக்குத் தெரிவதை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். தெரியாத 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள்தான் நுரையீரலின் ஆழம்வரை போகிறது.

புதுப் பைக்குக் காசு ஆகிறது என்பது நியாயமான குறை. அப்படியானால், அலசலாம் என்று தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்த ஃபில்டர் உள்ள இயந்திரத்தை வாங்குங்கள். ஒருமுறைப் பையை அலசுவது சிக்கனம் ஆகாது. தரையில் படிந்து கிடந்த தூசியை, மின்சாரம் செலவழித்துக் குழந்தையின் மூச்சில் ஏற்றும் வேலை அது. பை நிரம்பியதும் வாயை மூடி, அப்படியே குப்பையில் போடுங்கள்.