ஓட ஆரம்பிச்சாச்சா? முதல்ல வேகத்தைக் குறைங்க!

புது ஷூ வாங்கி முதல் வாரமே மெரினாவில் பாய்ந்து ஓடுபவர்களில் பலரை அடுத்த மாதம் அங்கே பார்க்க முடியாது. சோம்பல் என்பார்கள். பலருக்குக் காரணம் கெண்டைக்காலுக்கு முன்னாலுள்ள எலும்பில் வரும் வலி. மூச்சு வாங்குவது சில வாரங்களில் குறைந்துவிடும்; எலும்பும் தசைநாணும் பழக மாதங்கள் ஆகும். 'இப்ப ஈஸியா இருக்கே' என்று தூரத்தைக் கூட்டும்போதுதான் மாட்டிக்கிறாங்க.

1996-ல் ஜோஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு 5கே' திட்டத்தில் முதல் வாரம் 60 விநாடி ஜாகிங், 90 விநாடி நடை. மாறி மாறி 20 நிமிடம், வாரம் 3 நாள். இதெல்லாம் ஓட்டமான்னு தோணும். ஓட்டம்தான்! ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடியலைன்னா வேகம் அதிகம். ஸ்டேட்டஸுக்கான ஸ்பீடு ஸ்கிரீன்ஷாட் மூணு மாசம் காத்திருக்கட்டும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தாலே வலித்தால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க.