மஞ்சள் கற்பிக்கும் பாடம்

மங்கல வேளையில் ஆலாத்தி எடுப்பதைக் காணாத தமிழ்ச் சிறுவர் இலர். மஞ்சள் கரைத்த நீரிற் சிறிது சுண்ணாம்பு சேர்த்தவுடன் அது செந்நிறம் பெறுகிறது. மஞ்சளும் சிவப்பன்று; சுண்ணாம்பும் சிவப்பன்று. பின் அச்சிவப்பு எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடும் மாணவர்க்கு அமிலம், மூலம் என்னும் பாடம் எளிதில் விளங்கும்.

முதலிற் சொல்லாற் பிறக்கும் மயக்கமொன்றைத் தீர்ப்போம். நீரிற் கரையும் மூலத்தைப் பாடநூல் காரம் என்கிறது. மிளகாயின் உறைப்பையும் காரம் என்பதுண்டு. ஆயினும் மிளகாய் மூலமன்று. சவர்க்காரத்திலுள்ள காரமே இரசாயனம் கூறும் காரம். வேட்டியிற் பட்ட மஞ்சட்கறை சவர்க்காரமிட்டதும் சிவப்பதைத் தாய்மார் அறிவர். தேசிக்காய்ச் சாறு பட்டால் அது மீண்டும் மஞ்சளாகும். இவ்வாறு நிறத்தால் உண்மை உணர்த்தும் பொருளே காட்டி எனப்படும். ஆனால் மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டிக்கொடுக்கும். தூய நீரிலும் அமிலத்திலும் அது மஞ்சளாகவே இருக்கும். அமிலத்தை அறிய நீலப் பாசிச்சாயத்தாள் வேண்டும். அமிலத்தில் அது சிவக்கும்.

ஆலாத்திச் சுண்ணாம்பின் தாய் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே காரைநகரும் அக்கல்லின்மீதே அமைந்துள்ளது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்மையான அமிலமாகி, கல்லைச் சிறிது சிறிதாய்க் கரைத்துக் கிணற்றை அடைகிறது. கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்திலின் உள்ளே படியும் வெண்படை, அவ்வாறு கரைந்துவந்த கல்லேயாம். அதன்மீது வினாகிரி ஊற்றினால் நுரைத்துக் கரையும். அக்கல்லையே சூளையிற் சுட்டு, நீர் தெளித்து நீற்றினால் வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பு கிடைக்கிறது. இது வன்மையான காரம்.

1880களில் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு வகுத்த கொள்கைப்படி, நீரில் ஐதரசன் அயனைத் தருவது அமிலம்; ஐதரொட்சைட்டு அயனைத் தருவது மூலம். இரண்டும் கூடுமிடத்து அவ்வயன்கள் இணைந்து நீராகும், உப்பும் உண்டாகும். இதுவே நடுநிலையாக்கல்.

கண்ணிற் சுண்ணாம்பு பட்டால் யாது செய்வாய் என்று மாணவனொருவனை வினவினோம். "தேசிப்புளி விட்டு நடுநிலையாக்குவேன்" என்றான். பாடம் மனனமாகியிருந்தது, ஆனால் அவ்விடை கண்ணையே பறிக்கும்! நடுநிலையாக்கலில் வெப்பம் பிறக்கும். அளவு மிகுந்த அமிலமும் புண்படுத்தும். காரமோ கண்ணினுள் ஆழ ஊடுருவும் இயல்பினது. ஆகவே ஒரு கணமும் தாழ்த்தாது, இமையைத் திறந்து, சுண்ணாம்புத் துணுக்கை அகற்றி, தூய நீராற் குறைந்தது அரைமணி நேரம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

பெற்றோரே, வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மாணவரே, சமன்பாட்டை எழுதக் கற்பதோடு அதனைக் கையாளலாகாத இடத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். அதுவே நிறைந்த கல்வி.